துள்ளுகிற மீனுக்கு இன்னும் ஒரு கரண்டி

செல்லூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை அது என் காதில் விழுவதில்லை. நூல் அறுந்து, குறுக்கே ஓடுகிற நாடா சிக்கும்போதுதான் விழும். தட். தட்தட். ஒரு சின்ன இடைவெளி. மறுபடி தட். ஈரக் கையால் தகரத்தை அறைகிற மாதிரி. அந்தச் சத்தம் வந்தால் டீ டம்ளர் பாதி வழியில் நின்றுவிடும். "தறிதான், குடிங்க" என்பாள் மனைவி. தறிதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் என் நெஞ்சுக்குள் ஒரு கட்லா மீன் தகரத் தொட்டியில் வாலால் அடித்துக்கொண்டிருக்கும்.

சென்ற வாரம் உங்களில் ஒருவர், விலங்கியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர், வீடு தேடி வந்திருந்தார். மீனுக்கும் தவளைக்கும் மயக்கம் கொடுக்கிற வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கையில் ஓர் அட்டவணை வைத்திருந்தார். இத்தனை லிட்டருக்கு இத்தனை பொடி. யாரோ ஒரு குளிர் தேசத்துக்காரர், பனி உருகி ஓடுகிற ஓடையில் நின்று போட்ட கணக்கு. அரை மணி நேரம் அதையே பேசினோம். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்டார்: "மீன் துள்ளுச்சுன்னா இன்னுங் கொஞ்சம் சேத்துக்கலாம்ல சார்?"

"உட்காருங்க" என்றேன்.

"பஸ் போயிரும் சார்."

பஸ்ஸைப் பிடித்திருப்பார். பதில்தான் என்னிடமே தங்கிவிட்டது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு நேரம் இருக்கிறது. பொறுமையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது என்னிடம் சர்வீஸில் இருந்தபோதே இல்லை.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். என்றால், தவறு நடந்தால் பதில் சொல்கிறவன், நன்றாக நடந்தால் போட்டோவில் ஓரத்தில் நிற்கிறவன். எனக்கு மேலே இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் துறைத் தலைவர். இன்னொருவர் உடலியங்கியல் நடத்திய மேடம். பெயர்கள் வேண்டாம். இருவருக்கும் நான் கடன்பட்டவன், இருவர் மேலும் எனக்கு எரிச்சல் உண்டு.

தலைவர் தவளைக்காரர். மனைவி மக்களைவிடத் தவளைகளைத்தான் அதிகம் பார்த்திருப்பார். அந்தக் காலத்தில் தவளைக்கு ஈதர்தான் மயக்கம். சித்திரை வெயிலில் ஈதர் புட்டியைத் திறந்தால் அதுவே எழுந்து ஓடும். பாதி தவளைக்கு, பாதி எங்களுக்கு. மத்தியான பிராக்டிகலில் தவளைக்கு முன்னால் கடைசி பெஞ்சு சொக்கிவிடும். அப்படி ஒரு நாள், ஒரு தவளைக்குத் தொண்டை நின்றுபோனது. தவளை மூச்சு விடுவது தொண்டை அடித்துக்கொள்வதில்தான் தெரியும். அது நின்றதும் மாணவர்கள் "செத்துருச்சு சார்" என்று தட்டைத் தூக்கிவிட்டார்கள். தலைவர் வந்தார். ஒரு துணியை நனைத்துத் தவளை மேல் போர்த்தினார்.

"போய்ச் சாப்ட்டு வாங்கப்பா. தொண்டை நின்னா என்ன? அதுக்குத் தோலும் மூச்சு விடும். துணி மட்டும் காயக் கூடாது."

சாப்பிட்டு வந்தோம். துணி அசைந்தது. தொண்டை நின்ற அவ்வளவு நேரமும் இதயம் தன்பாட்டுக்கு அடித்திருக்கிறது, ஈரத்தோல் வழியே காற்று உள்ளே போயிருக்கிறது. அன்றைக்குத் தலைவருக்கு ஒரு மந்திரம் கிடைத்துவிட்டது: நனைச்சு வை, பொறுத்திரு, தானா எந்திரிக்கும். தவளைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு தடவை பலித்த வாக்கியத்தை மனிதன் எல்லாப் பிராணிகள் மேலும் போர்த்திப் பார்க்காமல் விடுவதில்லை.

மேடம் வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், கோபத்தில் நிறைய மூத்தவர். "தெரியாதுன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" என்று முதல் நாளே என்னைக் கேட்டவர். மீனை மயக்குகிற வெள்ளைப் பொடி எங்கள் துறைக்கு வந்தது அவர் விடாமல் கேட்டதால். வெளிநாட்டுச் சரக்கு. எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வோம். தண்ணீரில் கரைத்து மீனை அதில் விட வேண்டும், அவ்வளவுதான். நமக்கு ஊசி வழியாக மயக்கம் வருகிறது, மீனுக்கு அது நிற்கிற தண்ணீரே ஊசி. செவுள் வழியாக மயக்கம் உள்ளே போகிறது. திரும்பவும் அதே செவுள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரே வாசல் வைத்த வீடு.

இனி வீரணன். வாடிப்பட்டிக்கு மேற்கே, வாய்க்கால் பாசனத்தில் தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். வீரணன் நெல் வயலில் போய்க் குளம் வெட்டினார். சொந்த வயலில் வெட்டியிருந்தால் ஊர் சிரித்ததோடு போயிருக்கும். தண்ணீர் தேங்குகிற பள்ளக்காடு என்பதால் மனைவி பேரில் இருந்த துண்டில் வெட்டிவிட்டார். மனைவியின் தம்பி தவமணிக்கு அது பொறுக்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்த நஞ்சையில் தண்ணீரைத் தேக்கி மீனைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாரே மனிதர் என்று பஞ்சாயத்து வைத்தான். பேசி முடித்தது இது: இந்த ஆடிக்குள் குளத்தில் மீன்குஞ்சு பிறக்க வேண்டும். இல்லையென்றால் குளத்தைத் தூர்த்து நடவு.

கட்லா ஆற்று மீன். குளத்தில் கொழுக்கும், வயிறு நிறைய முட்டை சுமக்கும், ஆனால் தானாக முட்டை விடாது. மற்ற மீனின் தலையிலிருந்து எடுத்த சுரப்பியின் சாற்றை ஊசியில் போட வேண்டும். மேகம் இறங்கி, தண்ணீர் குளிர்ந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போட வேண்டும். முந்தின வருஷம் யாரோ தெரிந்தவர்கள் வந்து, மயக்கம் ஒன்றும் இல்லாமல், நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். அந்தப் பெண் மீன் துள்ளி, கல்லில் மோதிச் செத்தது. வீரணனிடம் மிஞ்சியது முட்டை சுமந்த ஒரே ஒரு கட்லா. அதனால்தான் எங்களைத் தேடி வந்தார். "வலிக்காம, துள்ளாம ஊசி போட ஒரு மருந்து இருக்காமே சார்?" என்றார். இருக்கிறது என்று தலைவர் மார்பைத் தட்டிக்கொண்டார். கல்லூரி மலருக்குப் படமும் ஆச்சு.

ஆடியில் அபூர்வமாக, நாங்கள் போனதற்கு முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது. மலைப்பக்கம் இன்னும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. கல்லூரி வேனில் போய் இறங்கினோம். வரப்பில் தவமணி, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, வேடிக்கை பார்க்கவென்றே குத்த வைத்திருந்தான்.

"ஆடியில புதுப் பொண்ணையே மாப்பிள்ளைட்டருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாக. எங்க மச்சான் மீனுக்குச் சாந்தி முகூர்த்தம் நடத்துறாரு. சோடிச்சு வச்சிருக்கீகளா மச்சான்?"

"நீ வெத்தலையத் துப்பிட்டுப் பேசு மாப்ள, மூஞ்சில தெறிக்குது" என்றார் வீரணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குளக்கரையில் பெரிய தகரத் தொட்டி வைத்திருந்தார். மேடம், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து அதில் ஊற்றச் சொன்னார். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத் தண்ணீர் ஒன்று இல்லை, இரண்டு. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. கிணற்றிலும் போரிலும் வருவது பெரும்பாலும் உப்பு. குளிக்க, மாட்டுக்கு, பாத்திரம் கழுவ. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணி குடிக்கவும் உலை வைக்கவும். எந்த வீட்டிலும் விருந்தாளி செம்பில் உப்புத் தண்ணி இருந்தால் அது சண்டைக்கு அழைப்பு. மேடம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய், லேபில் சின்ன மீன்களை வைத்து ஏற்கெனவே சோதித்திருந்தார். அந்தத் தண்ணீருக்குத்தான் அளவு போட்டிருந்தார். தொட்டி நிரம்பியதும் விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. "சரி" என்றார்.

சேர்த்து விட வேண்டிய ஆண் மீன்கள் இரண்டும் எதிர்க்கரையில், நாலு கம்பில் கட்டிய துணித்தொட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பார்த்து வரப் போனோம். பார்க்க ஒரு நிமிஷம் போதும். தலைவர் கேமராவோடு வந்திருந்ததால் ஒரு யுகம் ஆனது. வீரணனைக் காணோம். மீனைப் பிடிக்கிற ஏற்பாட்டில் இருப்பார் என்று நினைத்தோம்.

திரும்பி வந்து பொடியைக் கரைத்தேன். வீரணனும் அவருடைய ஆட்களும் கட்லாவை ஈரத் துணியில் அணைத்துத் தூக்கி வந்தார்கள். பெரிய தலை, வெள்ளி உடம்பு, வயிறு தளும்பித் தளும்பி. "பாத்து, பாத்து" என்று மூன்று தடவை சொன்னார் வீரணன். தொட்டிக்குள் இறக்கினோம்.

என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் சுற்றும். அப்புறம் வேகம் குறையும். நிமிர்ந்து நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாயும். செவுள் மட்டும், காற்றில் ஆடுகிற கதவு மாதிரி, நிதானமாகத் திறந்து மூடும். அதுதான் ஊசி போடுகிற நேரம்.

நடந்தது வேறு. மீன் தொட்டியைச் சுற்றிக் கிழித்தது. தட். தட்தட். தலையை உதறியது, இருமுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் எங்கள் சட்டையெல்லாம். தகரம் அதிர்ந்தது. வரப்பில் தவமணி எழுந்து நின்றுவிட்டான்.

"டோஸ் பத்தல" என்றார் தலைவர். "இன்னொரு கரண்டி போடுப்பா."

கரண்டி என் கையில் இருந்தது. தலைவர் சொல்வது தப்பாகவும் தோன்றவில்லை. மயக்கம் பாதியில் இருக்கிற பிராணி முரண்டு பிடிக்கும், புத்தகத்தில் இருக்கிறது. வீரணன் என்னையே பார்த்தார். "போடுங்க தம்பி, சீக்கிரம் போடுங்க, அடிபட்டுக்கப் போகுது" என்றார். போன வருஷத்து மீன் அவர் கண்ணுக்குள் மோதிக்கொண்டிருந்தது.

"கரண்டியக் கீழ வைங்க!"

மேடம் கத்தியது எதிர்க்கரையில் எதிரொலித்தது. அவர் துள்ளலைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் மேலிருந்து சளி நூல்நூலாகப் பிரிந்து மிதந்தது, சோற்றுக் கஞ்சி மாதிரி. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. தூக்கம் போதாத மீன் துள்ளும். உடம்பு எரிகிற மீனும் துள்ளும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே துள்ளல்தான். மேடம் குனிந்து, கையால் ஒரு மடக்கு அள்ளி, வாயில் வைத்துத் துப்பினார்.

"உப்பு எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"தண்ணியில உப்பு எங்கேன்னு கேக்குறேன்! இது நான் நெரப்பச் சொன்ன தண்ணி இல்ல. யாரு மாத்துனது?"

வீரணன் ஒரு அடி முன்னால் வந்தார். "நாந்தான் மேடம். மழைத் தண்ணி. நேத்து ஓட்டுல இருந்து பிடிச்சு வச்சது, சுத்தமான தண்ணி. பிள்ளத்தாச்சி மீனு... அம்புட்டுத் தூரத்துல இருந்து மருந்தெல்லாம் கொண்டாந்திருக்கீக. அதப் போயி உப்புத் தண்ணியிலயா கலக்குறது?"

இந்த மண்ணில் பிறந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார். என் அம்மா செய்திருப்பார். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை.

அந்தப் பொடி கரைந்தால் தண்ணீர் புளிக்கும். உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பும் சோடாவும் கரைந்து கிடப்பதால் அந்தப் புளிப்பை அது விழுங்கிவிடும், மீனுக்கு ஒன்றும் தெரியாது. மழைத் தண்ணீரில் விழுங்க எதுவுமே இல்லை. அவ்வளவு தூய்மை. புளிப்பு முழுக்கச் செவுளில் போய் இறங்கும், கண்ணில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. என் கையிலிருந்த இன்னொரு கரண்டி, இன்னொரு எலுமிச்சை.

இதையெல்லாம் அப்போது யாரும் விளக்கவில்லை. "தூக்குங்க" என்றார் மேடம். தூக்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கட்லா மல்லாந்தது. கதவு மூடிக்கொண்டது. செவுள் அசையவில்லை.

தலைவர் தன் மேல்துண்டை நனைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை, பதற்றத்தில் தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடினார். "ஈரத்துணியில சுத்தி நெழல்ல போடுங்க. பொறுங்க. தானா எந்திரிக்கும்."

"சார், இது தவளை இல்ல சார்! தோல்ல மூச்சு விடாது. இதுக்கு இருக்குறது செவுள் ஒன்னுதான், அதுவும் நின்னுபோச்சு. பொறுத்தா குழம்புதான் வைக்கணும்." மேடம் வீரணனிடம் திரும்பினார். "குளத்துல எறங்குங்க. வாயத் தொறந்து பிடிச்சுக்கிட்டு முன்னால நடத்துங்க. தண்ணி வாய்க்குள்ள போயி செவுள் வழியா வெளிய வரணும். முன்னால மட்டும். பின்னால இழுக்காதீங்க."

வீரணன் வேட்டியோடு இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு கையிலும் மீனை ஏந்தி, அதன் வாயை விரலால் பிளந்து, நடந்தார். பத்தடி போனதும் திரும்பி, மறுபடி நடந்தார். நான் கூடவே இறங்கினேன். மேடம் புடவையைச் சொருகிக்கொண்டு முழங்காலளவில் நின்றார். மீன் பக்கத்தில் வந்தபோது அதன் தாடைக்கு அடியில், இரண்டு செவுளும் சேருகிற இடத்தில், இதயத்தைத் தேடி விரலை அழுத்தி வைத்தார். "இருக்கு" என்றார். "ரொம்ப மெதுவா. ஆனா இருக்கு. நிக்காதீங்க."

"மச்சான் மீனோட ஊர்வலம் போறாருடோய்" என்று தவமணி ஆரம்பித்தான். யாரும் சிரிக்காததால் பாதியில் விட்டான்.

காத்திருத்தல் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கையில் கடிகாரம் இருக்கும், அதைப் பார்ப்பீர்கள், அது உதவாது. அந்தப் பத்தடித் தண்ணீர் போவதும் வருவதுமாக ஒரு ஜில்லா அளவுக்கு நீண்டது. வீரணனின் உதடு என்னவோ முணுமுணுத்தது. சாமி பேரோ, தவமணியைத் திட்டினாரோ. ஒரு திருப்பத்தில் அவர் கால் சேற்றில் வழுக்கியது. மீன் பின்வாக்கில் சரிந்தது.

"பின்னால இழுக்காதன்னு அந்தம்மா தொண்ட கிழியக் கத்துறாகல்ல, காது கேக்கலயா?" சட்டையைக் கூடக் கழற்றாமல் தவமணி உள்ளே குதித்திருந்தான். "இங்க குடு மச்சான். நீ கைய மாத்து." வெற்றிலையைத் துப்பிவிட்டான் என்பதைக் கவனித்தேன். வால்பக்கத்தை அவன் தாங்கிக்கொண்டான். இப்போது இரண்டு பேரும் நடந்தார்கள், சப்பரம் தூக்குகிறவர்கள் மாதிரி ஒரே காலடியில்.

மேடம் மீனைச் சற்றே சாய்க்கச் சொன்னார். உயிர் திரும்புகிற மீனைச் சாய்த்தால் கண் மட்டும் சாயாமல் நேராக நிற்கப் பார்க்கும். கண் மீனோடு சேர்ந்து சாய்ந்தது. இன்னும் இல்லை. மறுபடி நடை. மறுபடி சாய்த்தார்கள். கண்ணின் கறுப்பு ஒரு நூலளவு பின்தங்கியது.

"ஆஹ்" என்றார் மேடம். அவ்வளவுதான். அதற்கப்புறம் செவுள் ஒரு தடவை திறந்தது. நின்றது. எல்லோரும் நின்றோம். மறுபடி திறந்தது.

இதோடு முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் உண்மையான இக்கட்டு இனிமேல்தான். அதற்கென்று கட்டியிருந்த இன்னொரு துணித்தொட்டிக்குள் விட்டதும் மீன் நிமிர்ந்து நின்றது. மேகம் இன்னும் கலையவில்லை, தண்ணீர் குளிர்ந்திருந்தது, ஊசி தயாராக இருந்தது. தலைவர்தான் சொன்னார், இந்தத் தடவை சரியாகவே சொன்னார்: "ஆப்பச்சோடா கலந்தா அந்தப் புளிப்பு செத்துரும்மா. இல்ல, கெணத்துத் தண்ணியே இருக்கு. புதுசாக் கலந்து இப்பவே போட்டுறலாமே. நாளைக்கு இந்த மேகம் நிக்குமா?"

வேதியியல் சரி. மேகக் கணக்கும் சரி. வீரணன் கைகூப்பிவிட்டார்.

"போட்டுருங்க மேடம். ஆடி போச்சுன்னா எனக்குக் குளம் இல்ல."

"இப்ப வேண்டாம்."

"செத்தா எங் கணக்கு. உங்களக் கேக்க மாட்டேன்."

"செத்தா அது உங்க கணக்கும் இல்ல, எங் கணக்கும் இல்ல. சாகப் போறது அது." மேடத்தின் குரல் இறங்கியது, அது அபூர்வம். "மயக்கந்தான் தெளிஞ்சிருக்கு. மிரட்சி தெளியல. இந்த நெலமையில ஊசி போட்டா ஒன்னு செத்துப்போகும், இல்ல முட்டைய உள்ளுக்குள்ளயே கரைச்சிரும். நாளான்னைக்கு வாரேன். மேகம் இல்லேன்னா கீத்து போட்டு நெழல் கட்டுங்க. வேற வழி எனக்குத் தெரியல."

கைகூப்பி நிற்கிற மனிதனிடம், அவன் கேட்பதைக் கொடுக்கிற மருந்து கையில் இருக்கும்போது, மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இதற்கு எந்த அட்டவணையிலும் அளவு கிடையாது. அன்றைக்கு அது எனக்கு வந்திருக்காது. நான் போட்டிருப்பேன்.

தவமணி ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "ஆடி முடிய நாளு கெடக்கு மச்சான். எஞ்சொல்லு எஞ்சொல்லுதான். அதுவரைக்கும் மம்பட்டி எடுக்க மாட்டேன்."

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். சொன்னபடி போனோம். மேகம் ஏமாற்றியது. தென்னங்கீற்று போட்டு நிழல் கட்டியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் அதே மீன், அதே பொடி, அதே அளவு. தொட்டியில் விட்டதும் பேசாமல் சாய்ந்தது, தொட்டில் பிள்ளை மாதிரி. ஊசி போட்டது அதற்குத் தெரியாது. முட்டை விட்டது. பாதிக்கு மேல் வீணானது, மீதி பொரித்தது. குஞ்சு என்றால் குஞ்சுதான், குளம் தப்பியது. தலைவர் எடுத்த படங்களில் ஒன்று மலரில் வந்தது. அதில் நான் ஓரத்தில் கூட இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முட்டையை இல்லை. பிராணி துள்ளினால் ஏன் துள்ளுகிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் கை கரண்டிக்குப் போகக் கூடாது. இப்போது உங்களிடம் மீட்டர் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் புளிப்பு எண்ணாக வருகிறது. நல்லது. ஆனால் தொட்டியில் இருப்பது எங்கிருந்து வந்த தண்ணீர், யார் ஊற்றியது, ஏன் ஊற்றினார் என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. அதை வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்கிறதற்குத்தான் உங்களுக்கு நேரம் இல்லை, பஸ் போய்விடுகிறது.

முதல் நாள் சாயங்காலத்துக்கு வருகிறேன். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். மூவரும் ஈரம், மூவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கவில்லை. வண்டி நகரப் போகும்போது வீரணன் வரப்பிலிருந்து ஓடி வந்தார். மேடம் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அழப் போகிறாரோ, திட்டப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நாளான்னைக்கு வாரப்ப குடிக்கிறதுக்குத் தண்ணி நீங்களே கொண்டாந்துருங்க. வீட்டுல பிடிச்சு வச்சிருந்த நல்ல தண்ணியப் பூராம் அந்தத் தொட்டியில ஊத்திப்புட்டேன். எம் பொண்டாட்டி இன்னும் பானையத் தெறந்து பாக்கல."